நூறு புள்ளி, குதிரை பூஜ்யம்

கிளினிக் வாசலில் துள்ளும் குதிரைப் படத்தோடு பலகை மாட்டியாயிற்றா? விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே "குதிரைவழிச் சிகிச்சை நிபுணர்" ஏறியாயிற்றா? சபாஷ், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இனி ஒன்றுதான் பாக்கி. நீங்கள் விடாமல் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கான வழிகாட்டி இது. ஏற்கெனவே இப்படித்தான் செய்துவருகிறீர்கள் என்பது தெரியும். இனி கொஞ்சம் ஒழுங்காகச் செய்யலாம்.

முதலில் சட்ட நிலவரம். பயப்படும்படி எதுவும் இல்லை. 1992ஆம் வருடச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என 16 வகைத் தொழிலர்களைப் பதிவு செய்கிறது. பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்தில் 100 சி.ஆர்.இ., அதாவது தொடர் மறுவாழ்வுக் கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும். பிசியோதெரபிக்காரர்களுக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்காரர்களுக்கும் 2021இல் வேறு சட்டம் வந்துவிட்டது. இந்த 16இல் குதிரையை வைத்துச் சிகிச்சை செய்பவருக்கென்று ஒரு வகை கிடையாது. இதைக் குறையாக நினைக்காதீர்கள். வகை இல்லையென்றால் பாடத்திட்டம் இல்லை, பாடத்திட்டம் இல்லையென்றால் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாத ஊரில் எல்லோரும் முதல் வகுப்பு.

1. ஊரைத் தேர்ந்தெடுங்கள்: ரேணிகுண்டா.

காரணம் உங்களுக்கே தெரியும். காலையில் சென்னை சென்ட்ரலில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் திருத்தணி, புத்தூர் தாண்டி ரேணிகுண்டாவில் இறங்கிவிடலாம். விமானத்தில் வரும் டெல்லிப் பேச்சாளருக்கும் கஷ்டமில்லை, திருப்பதி விமான நிலையம் இருப்பதே ரேணிகுண்டாவில்தான். கருத்தரங்கு சனிக்கிழமை, மறுநாள் திருமலை. 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை முதலில் எடுங்கள், கருத்தரங்குத் தேதியைப் பிறகு வையுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டும் கிடைக்காது.

ரேணிகுண்டாவில் ஓர் ஆபத்தும் உண்டு, எச்சரித்துவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் தள்ளித் திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. எலும்பு, மூட்டு, போலியோ, மூளை வாதம் என்று மாற்றுத்திறனாளிகளுக்காகவே 1985 முதல் நடப்பது. அதே ஊரில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒரு பக்கம் குழந்தையின் இடுப்பு தெரிந்தவர்கள், இன்னொரு பக்கம் குதிரையின் முதுகு தெரிந்தவர்கள். இந்த இரண்டும் இத்தனை அருகருகே அகப்பட்டால் போய்ப் பார்க்கத் தோன்றும். ஆகவே உங்கள் ஆட்டோ இரண்டு வாசலிலும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு இளம் பெண், புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவர், "ஒரு மணி நேரம் அங்கே போய்ப் பார்த்துட்டு வரலாமே மேடம்" என்று கேட்பார். அட்டவணையில் இடமில்லை என்று சொல்லுங்கள். ஸ்டேஷன் பக்கத்தில் ஏ.சி. ஹால் எடுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

2. துவக்க விழாவை நீளமாக வையுங்கள்.

குத்துவிளக்கு ஐந்து முகம், ஏற்ற ஐந்து பிரமுகர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. வரவேற்புரையில் எல்லோர் பெயரையும் பட்டத்தோடு படியுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். இதுவும் பயிற்சி நேரத்தில் சேரும்.

3. வரலாற்றை நாற்பது நிமிடம் சொல்லுங்கள்.

முதல் ஸ்லைடில் ஹிப்போகிரேட்டஸின் தாடி. இரண்டாவதில் லிஸ் ஹார்டெல். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க் பெண்மணி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். குதிரை மேல் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை தேவைப்பட்டது. நல்ல கதை, கண்ணில் நீர் வரும். அவர் வருடக்கணக்கில் தினமும் குதிரையோடு உழைத்ததைச் சொல்லாதீர்கள். குதிரை மேல் உட்கார்ந்தால் பதக்கம் என்கிற அளவில் நிறுத்துங்கள், பெற்றோருக்கும் அதையே சொல்லலாம்.

அப்படியே 1969இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பாத் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் சின்னத்தைக் காட்டுங்கள். பயிற்றுநர் ஆக வருபவரிடம் முதலுதவிச் சான்றிதழும் சி.பி.ஆர். சான்றிதழும் அவர்கள் கேட்பார்கள். அந்த வரி வரும்போது ரிமோட்டை இருமுறை அழுத்துங்கள்.

4. ஆராய்ச்சியை மேற்கோள் காட்டுங்கள், படிக்காதீர்கள்.

1988இல் மூளை வாதக் குழந்தைகளின் உடல் நிமிர்வு பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதில் குழந்தைகள் 11 பேர். நீங்கள் "உலகளாவிய ஆய்வுகள்" என்று சொல்லுங்கள். 2015இல் கொலராடோ ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 127 சிறுவர் சிறுமியரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து வாரம் குதிரை ஏறியது. இன்னொரு குழு அதே லாயத்துக்கு வந்து, நிஜ அளவில் செய்த பஞ்சடைத்த பொம்மைக் குதிரையை வைத்துக் குதிரை பற்றிய பாடம் கேட்டது. எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்ததில் முதல் குழு முந்தியது. "குதிரை ஆட்டிசத்தைக் குணப்படுத்தும்" என்று ஒரே வரியில் முடியுங்கள். ஆய்வில் அப்படி ஒரு வரி இல்லை, அதனால் என்ன.

பின் வரிசையிலிருந்து யாராவது, "அப்படின்னா நாம இப்ப ரெண்டாவது குழுதானே சார்? நமக்குப் பஞ்சுக் குதிரைகூட இல்லையே" என்று கேட்கக்கூடும். அவருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள்.

5. யாரை ஏற்றக் கூடாது என்ற ஸ்லைடை சாப்பாட்டுக்கு முன் வையுங்கள்.

இதில் நேரம் பார்ப்பது முக்கியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்பு தளர்ந்திருக்கும். பரிசோதிக்காமல் ஏற்றினால் குதிரையின் ஒரு குலுக்கல் தண்டுவடத்தை நசுக்கலாம். மூளை வாதக் குழந்தைக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல கிண்ணத்தை விட்டு நழுவிக்கொண்டிருக்கலாம், குதிரையின் முதுகுக்குக் கால் விரிக்கும்போது அது தெரியும், தெரியும்போது அலறல்தான் வரும். கட்டுக்குள் வராத வலிப்பு, வளைந்துகொண்டே போகும் முதுகுத்தண்டு, குதிரை முடியால் மூச்சிரைப்பு... பட்டியல் நீளம். ஸ்லைடு திரைக்கு வரும் அதே நொடியில் ஹாலுக்கு வெளியே பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கேள்வி எதுவும் வராது.

ஏதாவது ஒரு தாய், செமினாருக்கு வந்தவர் அல்ல, டெமோவுக்காகப் பிள்ளையைத் தூக்கிவந்தவர், வாசலில் நின்று, "சார், புள்ளைக்கு இடது பக்கம் மட்டும் இழுக்குது, டயப்பர் மாத்தும்போது அழுவுறான்" என்பார். இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேட்டுவிடாதீர்கள். "குதிரைல உக்காந்தா எல்லாம் சரியாயிடும்மா" என்று சொல்லுங்கள். அவருடைய முகம் மலர்வதைப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

6. ஹாலுக்கு வர முடியாதா? வெபினார் இருக்கிறது.

2020 பொதுமுடக்கத்தில் பழகிய வசதி, இனி யாரும் பறிக்க முடியாது. கேமராவை அணையுங்கள், மைக்கை அணையுங்கள், மொபைலை ஓடும் ரயிலிலும் வைத்துக்கொள்ளலாம். குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவரின் இடுப்பு முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு மூன்றிலும் அசைகிறது, அது மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவதை ஒத்தது. இந்தச் சிகிச்சையின் உயிர்நாடியே அதுதான். அதைக் காட்டும் வீடியோ அரக்கோணம் வரும்போது சரியாக உறைந்து நிற்கும். உறைந்த குதிரையைப் பார்த்தே நடையைப் புரிந்துகொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, வளைவில் திருப்புவது, நிறுத்தி மறுபடி கிளப்புவது இவற்றால்தான் சிகிச்சையாளர் குழந்தையின் உடலுக்கு வேலை கொடுக்கிறார் என்றெல்லாம் பேச்சாளர் சொல்லிக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை நீங்கள் வழக்கம்போல இடப்பக்கமாகவே பத்துச் சுற்று சுற்றவிடுங்கள். பலவீனமான பக்கம் எது என்று பார்க்க ஆரம்பித்தால் தலைவலி.

7. மீட்புப் பயிற்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நடத்துங்கள்.

ஒரு குழந்தையைக் குதிரை மேல் நடத்த, கயிறு பிடிப்பவர் ஒருவர், இருபக்கமும் நடப்பவர் இருவர், சிகிச்சையாளர் ஒருவர் என நான்கு பேர் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். குதிரை மிரண்டால் யார் குழந்தையை இழுத்து இறக்குவது, யார் தலையைத் திருப்புவது என்பது கைக்கு வந்திருக்க வேண்டும், வாய்க்கு அல்ல. இதை நாற்காலியில் பழகினால் துணி அழுக்காகாது. நாற்காலி மிரளாது, உதைக்காது, சாணி போடாது. பக்கவாட்டில் நடக்க உள்ளூர்க் கல்லூரி மாணவிகள் இருவரைப் பிடியுங்கள். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது, அங்கே நிற்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். நாற்காலிக்கு எப்படியும் கண் கிடையாது. பொய்க்கால் குதிரை ஆடுபவர்களாவது இடுப்பில் ஒரு கூண்டைக் கட்டிக்கொள்வார்கள், உங்களுக்கு அந்தச் செலவும் மிச்சம்.

8. கடைசியில் குதிரையைக் கொண்டுவாருங்கள், போட்டோவுக்கு.

குதிரை இல்லாத பேனர் எடுபடாது. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் மட்டக் குதிரை ஒன்றை அரை நாள் வாடகைக்குப் பேசுங்கள். தலையைத் தொங்கப்போட்டு, கீழுதடு தளர்ந்து, ஈ மொய்த்தாலும் அசையாமல் நிற்கிறதா? "எவ்வளவு சாந்தம் பாருங்க" என்று எல்லோரிடமும் காட்டுங்கள். அது வலியோ வயிற்றுப் புண்ணோ களைப்போ என்று கண்டுபிடிக்கத் தனிப் படிப்பு வேண்டும், நாம் அதற்கு வரவில்லை. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28இலிருந்து 44, மூச்சு 8இலிருந்து 16, உடல் சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டி. இந்த எண்களை பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணிப் பார்க்காதீர்கள். கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றும் கேட்காதீர்கள். மனிதனுக்கும் தொற்றும் நோய் என்று சொல்லி அந்தக் குதிரைக்காரரைப் பயமுறுத்துவானேன்.

நேரம்: பிற்பகல் 2 மணி. மாதம்: மே. இடம்: ஹாலுக்குப் பின்னால் சிமென்ட் தரை. 1965ஆம் வருட மத்திய விதி ஒன்று, வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவோ பொதி சுமக்கவோ விலங்கை ஏவக் கூடாது என்கிறது. ரேணிகுண்டா மே மாதத்தில் 37 என்பது காலைப் பல்விளக்கும் நேரத்து வெயில். கவலைப்படாதீர்கள், போஸ் கொடுப்பது பொதி ஆகாது என்று வாதிடலாம். குதிரை வைத்திருப்பவர்கள் வேறொரு கணக்கு சொல்வார்கள். ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 130க்குள் கவலையில்லை, 150 தாண்டினால் குதிரை உடல் சூட்டைத் தணிக்கத் திணறும், 180இல் வேலையே வாங்கக் கூடாது. 106 டிகிரியும் 45 சதவீத ஈரமும் உள்ள ஒரு பிற்பகல் 151 ஆகும். கூட்டல் கணக்குப் பார்க்கவா இத்தனை பட்டம் வாங்கினீர்கள்?

சிறப்பு விருந்தினரை மேலே ஏற்றுங்கள். அதே 1965 விதி மட்டக் குதிரைக்கு 70 கிலோதான் என்று எல்லை வைத்திருக்கிறது, விருந்தினர் பிரியாணிக்கு முன்பே எண்பது. ஏறும் மேடையும் இல்லை, ஆகவே ஒரு காலை மிதிவளையத்தில் வைத்து, முழு எடையையும் ஒரு பக்கமாய்த் தொங்கவிட்டு ஏறட்டும். கை தட்டுங்கள்.

9. குதிரைக்காரரைப் பேசவிடாதீர்கள்.

இந்த நாளில் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். சேணம் போடும்போது அவர் வயிற்றுப் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டு நெடுக ஓட்டிப் பார்ப்பார். முன்னங்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் விரல் பட்டதும் குதிரையின் தோல் சிலிர்த்துத் துடிக்கும், காது இரண்டும் பின்னால் படியும், வால் ஒருதரம் விசிறும். அவர் பட்டையைத் தளர்த்தி, உள்ளே சிக்கியிருந்த வைக்கோல் துணுக்கைக் கிள்ளி எறிவார். உள்ளங்கையால் ரோமத்தைத் தழைய நீவி, முன்னங்காலை ஒருமுறை தூக்கி முன்னால் நீட்டி, தோல் சுருக்கம் போனபின் மறுபடி மாட்டுவார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் நீங்கள் திரும்பி நின்று பேனரைச் சரிசெய்யுங்கள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "சார், பெரியவரு வேணாம் சார். அதுக்கு முதுகுல நேத்தே நோவு. பாருங்க, வாலை அடிக்குது." தெலுங்கும் தமிழும் கலந்து வரும், புரியாத மாதிரி இருந்துவிடுங்கள். இவரை நாற்பது பேர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? காதைப் பார்த்துக் கோபத்தைச் சொல்வார், பக்கவயிற்றைப் பார்த்து மூச்சை எண்ணுவார், கொள்ளு ஊறிய பதத்தை விரலால் நசுக்கிச் சொல்வார். காலையில் தாடியோடு ஆரம்பித்த நாற்பது நிமிடம் என்ன ஆவது? பவர்பாயிண்ட் தெரியாதவரைப் பேச்சாளராகப் போட விதி இடம்கொடுக்காது என்று சொல்லுங்கள். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

குதிரை ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து விருந்தினரின் செருப்பை மிதித்தால், "விலங்குதானே" என்று சிரியுங்கள். வாடகையில் இருநூறு ரூபாய் பிடித்துக்கொள்ளுங்கள்.

10. கருத்துப் படிவம்.

ஐந்து கேள்வி, ஐந்துக்கும் "மிக நன்று". படிவத்தைக் காலையிலேயே நிரப்பி வாங்கிவிட்டால் மாலையில் ரயிலுக்கு ஓட வேண்டியிருக்காது. "இன்று கற்றதில் நாளை எதைச் செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி வைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், இடமில்லை என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் ஸ்பான்சர் விளம்பரம் போகிறது.

11. சான்றிதழ்.

கனமான காகிதம், தங்க ஓரம், நடுவில் தாவும் வெள்ளைக் குதிரை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே அலிபிரி மலைப்படிக்குப் போய்விட்டவருக்கும் உண்டு, அவரும் ஏறத்தானே போனார். லட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தால் நெய் இறங்கும், தனிக் கவரில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் சட்டம் போட்டு, தாய்மார் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டுங்கள்.

எண்ணிக்கை பார்க்கும்போது பெயர் எழுதாத சான்றிதழ் இரண்டு மூன்று மீந்திருக்கும். வாசலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே வாடகைப் பாக்கிக்கு நிற்பவருக்கு அதில் ஒன்றைக் கொடுக்கலாமே என்று அந்தப் புதிய பெண் மறுபடி கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மாதம் பதிவு முடிகிற யாராவது போன் செய்வார்கள், அப்போது பெயரை எழுதிக்கொள்ளலாம்.